பல எபிசோடாக வரும் புலனாய்வு பாட்காஸ்ட்: நம்ம வேலூர்ப் பக்கம் ஒன்று எடுத்தால் எதை எடுக்கலாம்?

ஏலகிரி_பயணி:

காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்குத் தினமும் போய் வருகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பாட்டு அலுத்துப்போய், ஒரே சம்பவத்தை எட்டு எபிசோட், பத்து எபிசோட் என்று விசாரித்துக்கொண்டே போகிற ஆங்கிலத் தொடர்களில் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் ஆரம்பிக்கிற இடத்தில்தான் நானும் ஆரம்பித்தேன். 2014 அக்டோபரில் வந்த ‘சீரியல்’. 1999ல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டார். அவருடைய முன்னாள் காதலர் அட்னான் சையதுக்கு ஆயுள் தண்டனை. அவர்தான் செய்தாரா என்று சாரா கேனிக் 12 எபிசோடில் தோண்டுகிறார். சிறையிலிருந்து போன் வரும்போதெல்லாம் முதலில் ஒரு பதிவுக் குரல் ஒலிக்கும், அப்புறம்தான் சையத் பேசுவார். அதைக் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

கேள்விக்கு வருகிறேன். தமிழில் ஏன் இப்படி ஒன்று நிலைக்கவில்லை? குற்றக் கதை சேனல்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பழைய பத்திரிகைச் செய்தியை எடுத்து, பின்னால் இடிச் சத்தம் போட்டு, “அந்த இரவு நடந்தது என்ன?” என்று இழுக்கிறார்கள். ஒருவரும் சம்பவம் நடந்த ஊருக்குப் போவதில்லை, ஒரு சாட்சியைக்கூடப் பார்ப்பதில்லை. நாம் நாலு பேர் சேர்ந்து இந்த மாவட்டத்திலிருந்தே ஒரு தொடர் செய்தால் எதை எடுக்கலாம்?

கொணவட்டம்_பையன்:

இன்னாண்ணே, காலங்காத்தால ரயிலில் கொலை வழக்கு கேட்டுவிட்டு ஆபீசில் எப்படி வேலை பார்க்கிறீர்கள்?

என் ஓட்டு கோட்டைக்கு. 1995 ஆகஸ்டில் கோட்டைக்குள் சிறப்பு முகாமில் இருந்த புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்களே, அதைவிடவா ஒரு கதை வேண்டும்? தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்பதற்கே ஒரு எபிசோட் போகும்.

நைட்_ஷிஃப்ட்_சிஸ்டர்:

வார்டு அடங்கியபின் கேட்கிற ஆள் நான். ‘சீரியல்’ நல்ல ஆரம்பம்தான், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ‘இன் த டார்க்’ இரண்டாம் சீசன் (2018) கேளுங்கள். மேட்லின் பாரன் என்ற நிருபரின் குழு செய்தது. மிசிசிப்பியில் வினோனா என்ற சின்ன ஊர். 1996ல் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நாலு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை அதே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். எழுத்துப் பிழை இல்லை, ஆறு முறைதான்.

அந்தக் குழு வினோனாவிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டது. அந்த வழக்கறிஞர் கறுப்பின ஜூரிகளை (வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்களை) திட்டமிட்டுக் கழிக்கிறாரா என்று பார்க்க அந்த வட்டாரத்துக் கோர்ட் ஒவ்வொன்றுக்கும் ஸ்கேனரோடு போய், 1992 முதல் 2017 வரைக்குமான வழக்குக் கட்டுகளைப் பிரித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை எடுத்தார்கள். எண்ணிப் பார்த்தால், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரை நாலு மடங்குக்கும் அதிகமாகக் கழித்திருக்கிறார்கள். ஃபிளவர்ஸ் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்ன சிறைச் சாட்சி, தான் சொன்னது பொய் என்று இவர்களிடமே போனில் ஒப்புக்கொண்டார். 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது. கிட்டத்தட்ட 23 வருஷம் உள்ளே இருந்த மனிதர்.

தமிழ் சேனல்களில் இல்லாதது அந்தக் கட்டுப் பிரிக்கிற வேலைதான். குரலும் மைக்கும் வேண்டிய அளவு இருக்கின்றன.

சத்துவாச்சாரி_குமாஸ்தா:

சிஸ்டர் சரியான இடத்தில் கை வைத்தார். வக்கீல் ஆபீசில் பல காலமாகக் கட்டு சுமக்கிறவன் என்ற முறையில் நம்ம ஊர் நிலவரத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான கோர்ட் ரெக்கார்டை யாரும் போய்ப் பார்க்கலாம். விசாரணையின் ஒலிப்பதிவேகூடப் பல இடங்களில் கிடைக்கும். அவர்கள் தொடரில் சாட்சியின் குரல் நேராக வருவது அதனால்தான். இங்கே செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி சொல்வதை நீதிபதி எழுத வைப்பார், அந்தத் தாள்தான் நமக்கு. வழக்கில் சம்பந்தமில்லாத ஆள் நகல் கேட்டால், எதற்கு வேண்டும் என்று காரணம் காட்டி மனு போட வேண்டும். அனுமதி வந்தபின் நகல் பிரிவுக்குப் போக வேண்டும். எவ்வளவு கட்ட வேண்டும் என்று பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையைத் தினமும் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பாட்காஸ்ட் செய்ய நினைப்பவர்கள் மைக் வாங்குமுன் அந்த ஆளைப் பிடியுங்கள்.

சுலபமானவையும் உண்டு. 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் வழக்கு மாதிரி சிலவற்றைத் தவிர, எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது இ-கோர்ட்ஸ் செயலியில் தெரியும். உயர் நீதிமன்றத் தீர்ப்பில் பெரும்பாலும் சாட்சி சாட்சியாகச் சுருக்கிச் சொல்லியிருப்பார்கள். அதை ஒழுங்காகப் படித்தாலே இரண்டு எபிசோடுக்கு விஷயம் தேறும்.

அப்புறம் ஒரு கோடு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் அதுவே குற்றம். சிறார் சம்பந்தப்பட்டால் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு வந்து நிற்கும். “பெயர் சொல்லவில்லை, தெருவைத்தானே சொன்னேன்” என்பது இங்கே செல்லாது. தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான்.

முள்ளுக்கத்திரி:

கோட்டை என்றதும் எனக்கு 1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தது, அதற்குப் பின் நடந்த விசாரணைக் கமிஷன், தலைப்பாகை மாற்றம், திப்புவின் பிள்ளைகள் என்று எட்டு எபிசோடுக்குப் பஞ்சமில்லை. ஆவணங்களும் இருக்கின்றன. வழக்குப் போடவும் ஆள் இல்லை.

கொணவட்டம்_பையன்:

அது சரித்திரம் வாத்தியாரே. பதில் சொல்ல வேண்டியவன் ஒருத்தனாவது உயிரோடு இருந்தால்தான் புலனாய்வு.

விஷாரம்_கணக்கர்:

டேனரி (தோல் பதனிடும் ஆலை) கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான், அதனால் எந்தப் பக்கம் பேசினாலும் அடி விழும். இருந்தாலும் சொல்கிறேன். நம்ம ஊர்த் தொடர் என்றால் டேனரிக் கழிவு பாய்ந்த பாலாறுதான்.

‘வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்’ வழக்கை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். 1991ல் போட்ட மனு. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்பதும், ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்திய சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக ஓர் ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதன் பிறகும் என்ன நடந்தது? 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுதி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிலுவை இழப்பீட்டைக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மனு போட்டபோது பிறந்த பிள்ளைக்கு அப்போது முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது.

எனக்குக் கேட்க ஆசை அதைவிடச் சின்ன ஒரு சம்பவம். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை. பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, சேறு பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தது. உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இரண்டு நாள் பேப்பரில் வந்தது. அந்தத் தொட்டிக்கு யார் அனுமதி கொடுத்தது, சுவரை யார் கட்டியது, கடைசியாக யார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டது, அங்கே ஆட்கள் எதற்காகப் படுத்தார்கள்? ஒரு கேள்விக்கு ஓர் எபிசோட் என்று வைத்தாலே தொடர் தயார்.

ஏலகிரி_பயணி:

கணக்கரே, இதுதான் நான் தேடியது. முதல் எபிசோடைச் சுவர் இடியும் சத்தத்தோடு ஆரம்பிக்கலாம். யார் கையெழுத்துப் போட்டார் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தால் கேட்பவன் விடமாட்டான். ‘டீச்சர்ஸ் பெட்’ என்ற ஆஸ்திரேலியத் தொடர் அப்படித்தான் இழுத்தது.

ஜவ்வாது_மலையான்:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். எங்களோடு வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். பழைய வட ஆற்காட்டுக் கணக்கில் எங்கள் மலையும் சேர்ந்ததுதான்.

அதற்கப்புறம் எத்தனை மைக், எத்தனை கேமரா ஏறி வந்தன! வாசலில் உட்காரவைத்து, அழும்வரை கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள். நீங்களும் வருவீர்கள். உங்களிடம் ஒரு பெண் தன் புருஷன் கடைசியாகப் பேசின போனைப் பற்றிச் சொல்வாள். அதைப் பாதியில் நிறுத்தி “மீதி அடுத்த வாரம்” என்பீர்களா? உங்களுக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைக் கேட்பவனுக்குத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு விளையாடுவதற்கும் அந்த இடிச் சத்தக்காரன் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

ஹே மின் லீயின் உடன்பிறந்தவர் 2022ல் கோர்ட்டில் பேசியதைத் தேடிப் படியுங்கள். உங்களுக்கு இது பாட்காஸ்ட், எனக்கு வாழ்க்கை என்ற பொருளில் சொன்னார்.

நைட்_ஷிஃப்ட்_சிஸ்டர்:

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு வேறு விஷயங்கள் இதில் கலந்திருக்கின்றன.

சாரா கேனிக் ‘சீரியல்’ வெளியிடத் தொடங்கியபோது விசாரணை முடியவில்லை. முடிவு அவருக்கே தெரியாது. ஜூரியில் இருந்திருந்தால் விடுவித்திருப்பேன், ஆனால் சந்தேகம் முழுசாகப் போகவில்லை என்றுதான் கடைசியில் சொல்கிறார். அங்கே தவிப்பு நிஜம், செய்து வைத்ததில்லை. வழக்கும் அப்படியே இழுத்தது: 2022ல் தண்டனை ரத்து, 2023ல் அந்த ரத்து ரத்து, கடைசியில் 2025 மார்ச்சில், குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்க, சிறையில் இருந்த காலம் போதும் என்று விட்டார்கள்.

‘டீச்சர்ஸ் பெட்’டும் விசாரித்துக்கொண்டே வெளியிட்டதுதான். 1982ல் சிட்னியில் காணாமல் போன லினெட் டாசன். ஹெட்லி தாமஸ் 2018ல் தொடரை ஆரம்பித்தார். கேட்டவர்கள் தகவலோடு வர வர எபிசோட் கூடியது. அந்த வருஷ டிசம்பரில் கணவர் கைதானார், 2022 ஆகஸ்டில் குற்றவாளி என்று தீர்ப்பு. வாராவாரம் வெளியிட்டதால் கிடைத்த பலன் அது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நியாயமான விசாரணை கெடும் என்று 2019ல் ஆஸ்திரேலியாவில் தொடரையே இறக்கினார்கள். ஜூரி இல்லாமல் நீதிபதி தனியாக விசாரித்தார். சாட்சிகள் பாட்காஸ்டைக் கேட்டுக் கேட்டு ஞாபகத்தைக் கலந்துகொண்டார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது.

கையில் இருப்பதை ஒளித்து வைத்து இழுப்பது வேறு, இதுவரை தெரிந்தது இவ்வளவு என்று வாராவாரம் சொல்வது வேறு. கையெழுத்துப் போட்டவர் யார் என்று கணக்கருக்கு முதல் நாளே தெரிந்தால் முதல் எபிசோடிலேயே சொல்லிவிட வேண்டும். மிச்ச ஏழு எபிசோடும் எப்படி, ஏன் என்று போகட்டும்.

முள்ளுக்கத்திரி:

சிஸ்டர் சொல்வது எனக்குப் புதிதாகப் படவில்லை. நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். துரியோதனன் படுகளத்தில் சாகப்போகிறான் என்று முதல் நாளே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விடியவிடியக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்களே! யார் சாவார்கள் என்று பார்க்கவா வருகிறார்கள்? சபையில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவரும் ஏன் வாய் திறக்கவில்லை என்று திரௌபதி கேட்கிற இடத்துக்குத்தான் கூட்டம்.

ராணிப்பேட்டைச் சுவர் விஷயத்திலும் கேட்க வேண்டியது அதுதான். அத்தனை பேர் தினமும் அந்தத் தொட்டியைப் பார்த்தார்கள், யார் எப்போது என்ன சொன்னார்கள்?

ஏலகிரி_பயணி:

சரி, அந்தக் கொக்கி வேண்டாம். ஆனால் உண்மையை மட்டும் வரிசையாக வாசித்தால் கேட்பவன் இரண்டாம் எபிசோடுக்கு வரமாட்டான் என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். சுவாரசியத்தைக் கண்டு பயப்படவும் கூடாது.

சத்துவாச்சாரி_குமாஸ்தா:

சுவாரசியம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு ‘கேலிஃபேட்’ ஒன்று போதும். நியூயார்க் டைம்ஸ் 2018ல் வெளியிட்டது. சிரியாவில் ஐ.எஸ். அமைப்புக்காக ஆட்களைக் கொன்றேன் என்று ஒரு கனடா இளைஞன் சொல்ல, அதைச் சுற்றியே தொடர் ஓடியது. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்சம். 2020ல் கனடா போலீஸ் பொய்ப் புரளி கிளப்பியதாக அவன் மீதே வழக்குப் போட்டது. அந்த டிசம்பரில் பத்திரிகை, அவன் கதையை நம்பியது தவறு என்று அறிவித்து, வாங்கிய பீபாடி விருதைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய பத்திரிகை, அத்தனை எடிட்டர்கள்! நல்ல குரலில் நல்லாக் கதை சொல்கிற சாட்சியைக் கண்டால் எங்கள் சீனியர் முதலில் தேதியைத்தான் கேட்பார்.

விஷாரம்_கணக்கர்:

எங்கள் சொந்தத்தில் ஒருவர் அந்த சிட்கோவில் பல வருஷம் வேலை பார்த்தார். பேசச் சொன்னால் பேசுவார். ஆனால் பெயர் வரக்கூடாது, குரலை மாற்ற வேண்டும்.

நைட்_ஷிஃப்ட்_சிஸ்டர்:

குரலை மாற்றினால் மட்டும் போதாது கணக்கரே. “அந்த ஷிஃப்டில் நான்தான் வால்வு பக்கம் நின்றேன்” என்று அவர் ஒரு வரி சொன்னால் ராணிப்பேட்டையே ஆளைக் கண்டுபிடித்துவிடும். பேச்சில் ஒரு இழுப்பு இருந்தாலே டீக்கடையில் தெரிந்துவிடும். வினோனாவில் அந்தக் குழு தங்கிப் பழகியது இதற்காகவும்தான். எது சொன்னால் யாருக்கு வேலை போகும் என்று ஊரில் இருந்தால்தான் புரியும். அவர் சொல்வதை வழியாக வைத்துக்கொண்டு, அதே விஷயத்தைத் தாளில் தேடுங்கள். தாளில் கிடைத்தால் அவரை ஒலிபரப்பவே தேவையில்லை.

ஜவ்வாது_மலையான்:

இது சரி. அப்புறம் மேற்கு வங்கத்துக் குடும்பங்கள்? அவர்களுக்கு வங்காளம்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் இந்தத் தொடர் வெளியே வரக்கூடாது என்பது என் கட்சி. தமிழ்க் காதுக்காகத் தமிழ் ஆட்களை மட்டும் பேசவைத்தால், செத்த 10 பேரும் எண்ணிக்கையாகத்தான் மிஞ்சுவார்கள்.

கொணவட்டம்_பையன்:

எங்கள் தெரு லாட்ஜுகளில் ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளிகள்தான் பாதிக்கு மேல். தமிழும் வங்காளமும் சரளமாகப் பேசுகிற பசங்கள் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டு பேரைக் கேட்டு வைக்கிறேன். கோட்டைச் சுரங்கத்தை இரண்டாம் சீசனுக்கு எழுதிக்கொள்ளுங்கள், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சத்துவாச்சாரி_குமாஸ்தா:

அப்போ வேலையைப் பிரிக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு), தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், ஒரே தாளில் இருபது கேள்வி அடுக்காதீர்கள். “ஏன் அனுமதித்தீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. “இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நடந்த ஆய்வு அறிக்கைகளின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று 8(1)(h) பிரிவைக் காட்டித் தள்ளுவார்கள். பயப்பட வேண்டாம், கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

வழக்கு எண்ணை நான் தேடி எடுக்கிறேன். பயணி தம்பி, ரயிலில் உட்கார்ந்து 1996 தீர்ப்பையும் 2025 தீர்ப்பையும் படித்து முடியுங்கள். எபிசோட் பெயரெல்லாம் அப்புறம் வைக்கலாம்.

ஏலகிரி_பயணி:

1996 தீர்ப்பை இறக்கிவிட்டேன். மனுக்களை யார் பெயரில் போடுவது? ஆபீசில் அனுமதி வாங்காமல் என் பெயரைப் போட முடியாது.

முள்ளுக்கத்திரி:

என் பெயரில் போடுங்கள். பென்ஷன்காரனை யார் என்ன செய்துவிட முடியும்? முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.